எதை எண்ணுகிறது பிள்ளை? முதலாம் ஆண்டின் நீட்டலளவைப் பாடம்

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் நீளம் அளக்கும் பாடம் இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. 2017-இல் திருத்தப்பட்ட தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தின்படி, ஏழு வயதில் முதலாம் ஆண்டுக்கு வரும் பிள்ளை சாண், காலடி, கிளிப், பென்சில், ஐஸ்கிரீம் குச்சி போன்றவற்றைக் கொண்டு பொருள்களை அளக்கிறது. சென்டிமீட்டரும் மீட்டரும் இரண்டாம் ஆண்டில்தான் வருகின்றன. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா, செந்தூல் தம்புசாமிப் பிள்ளை, கிள்ளான் சிம்பாங் லீமா என்று கிள்ளான் பள்ளத்தாக்கின் எந்தத் தமிழ்ப்பள்ளியை எடுத்தாலும் வரிசை இதுதான். தேசியப் பள்ளிக்கும் சீனப்பள்ளிக்கும் இதுவேதான். வெளிநாடுகளிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஜப்பானில் முதல் வகுப்பில் கைக்குக் கிடைத்த அலகு, இரண்டாம் வகுப்பில் பொது அலகு. அமெரிக்காவின் பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட 2010-ஆம் ஆண்டுப் பொதுத் தரங்களிலும் அப்படியே. இத்தனை நாடுகள் ஒப்புக்கொண்ட பிறகு இதில் ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் குழந்தைகள் அளவையை எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்தவர்களிடையே இந்த வரிசை பற்றி ஒருமித்த கருத்து இல்லை. சாணும் கிளிப்பும் தேவைதானா, தேவையென்றால் எதற்கு, அடிக்கோலுக்கு முன்பா அடிக்கோலோடு சேர்த்தா என்பவை இன்னும் திறந்தே கிடக்கும் கேள்விகள். இப்பாடத்தின் பயன், அளவை தரப்படுத்தப்பட்டதா இல்லையா என்பதில் இல்லை. அளக்கும்போது தான் எதை எண்ணுகிறோம் என்று பிள்ளைக்குத் தெரிகிறதா என்பதில்தான் இருக்கிறது. இக்கட்டுரை நிறுவ முயல்வது அதைத்தான்.

இன்றைய வரிசைக்கு வேர் ழான் பியாஜேயின் ஆய்வில் இருக்கிறது. பேர்பெல் இன்ஹெல்டர், அலினா ஸெமின்ஸ்கா ஆகியோருடன் சேர்ந்து 1948-இல் பிரெஞ்சில் அவர் வெளியிட்ட நூல், குழந்தையின் மனத்தில் வடிவியல் எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்தது. அதில் ஒரு சோதனை: மேசைமீது கட்டைகளால் ஒரு கோபுரம் நிற்கிறது, உயரம் குறைந்த இன்னொரு மேசையில் அதே அளவுக் கோபுரத்தைப் பிள்ளை கட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தே கட்டிவிடுகிறார்கள். சற்று வளர்ந்தவர்கள் தம் உடம்பையே அளவாக்கி, கையை விரித்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு போகிறார்கள். பிறகு ஒரு குச்சியை எடுக்கிறார்கள். கடைசியில்தான் சிறு துண்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப வைத்து எண்ணுகிறார்கள். சம நீளமுள்ள இரு குச்சிகளில் ஒன்றைச் சற்று முன்னே தள்ளினாலே அது நீண்டுவிட்டதாகச் சொல்லும் வயதில், அளத்தல் என்ற எண்ணத்துக்கே இடமில்லை என்பது அவர்கள் முடிவு. முதலில் பொருளோடு பொருளை ஒட்டி ஒப்பிடுவது, பிறகு மூன்றாவது பொருளை இடையில் வைத்து ஒப்பிடுவது, பிறகு கைக்குக் கிடைத்த அலகு, கடைசியில் பொது அலகு என்ற நான்கு படிகள் இதிலிருந்துதான் பாடநூல்களுக்குள் இறங்கின. பியாஜே விவரித்தது குழந்தை தானாக வளரும் வழி. பாடநூல் அதை ஆசிரியர் கற்பிக்கும் வழியாக மாற்றிக்கொண்டது. இரண்டும் ஒன்றுதானா என்று அப்போது யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி 1990-களில் எழுந்தது. ஆஸ்திரேலியாவில் ஜில்லியன் போல்டன்-லூயிஸ் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், சிறு பிள்ளைகள் வாய்ப்புக் கிடைத்தால் அடிக்கோலைத்தான் விரும்பி எடுத்தார்கள். பலவகைத் துண்டுகளைக் கையாள்வதுதான் அவர்களுக்குச் சிரமமாக இருந்தது. அதற்கு முன்பே, 1993-இல், தெரெசினா நூனெஸ், பால் லைட், ஜான் மேசன் மூவரும் இங்கிலாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகள் இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் தாளை மற்றவர் பார்க்க முடியாதபடி, தொலைபேசியில் பேசியே தங்கள் கோடுகளின் நீளத்தை ஒப்பிட வேண்டும். கயிறு வைத்திருந்தவர்களைவிட அடிக்கோல் வைத்திருந்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். இவ்வகைச் சான்றுகளைத் தொகுத்துப் பார்த்த டக்ளஸ் கிளெமெண்ட்ஸ், கைக்குக் கிடைத்த அலகுகளை முழுதாகக் கடந்த பிறகே அடிக்கோலைத் தொட வேண்டும் என்ற வழக்கத்துக்கு ஆய்வு ஆதாரம் போதவில்லை என்று 1999-இல் எழுதினார். அடிக்கோல் என்பது ஒரு சமூகம் நூற்றாண்டுகளாகச் சிந்தித்துச் செய்த கருவி. அதைக் கையில் கொடுத்தால் அச்சிந்தனையின் ஒரு பங்கும் கூடவே பிள்ளைக்குப் போய்ச் சேர்கிறது என்பது இவர்கள் வாதத்தின் சாரம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த வாதத்துக்கு இன்னும் வலு அதிகம். பாலர்பள்ளிக்குப் போகும் நாளிலேயே பென்சில் பெட்டிக்குள் 15 சென்டிமீட்டர் அடிக்கோல் இருக்கிறது. பெட்டியில் இருப்பதை மூடி வைத்துவிட்டு ஐஸ்கிரீம் குச்சியால் அளக்கச் சொல்வது பிள்ளைக்கே விந்தையாகப் படும்.

அப்படியானால் முதலாம் ஆண்டிலேயே அடிக்கோலைக் கொடுத்துவிடலாமே என்றால், சான்றுகளின் மறுபக்கம் கையைப் பிடிக்கிறது. அமெரிக்க தேசியக் கல்வி மதிப்பீட்டில் 2003-ஆம் ஆண்டு ஒரு கேள்வி வந்தது. படத்தில் ஒரு பல்குச்சி அடிக்கோலின் 8-க்கு நேராகத் தொடங்கிப் பத்தரைக்கு நேராக முடிகிறது, நீளம் என்ன? இரண்டரை அங்குலம். நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் சுமார் ஐந்தில் ஒருவரே சரியாகச் சொன்னார்கள். இக்கேள்வியில் பிள்ளைகள் செய்யும் தவறு இரண்டு வகை. சிலர் முனை தொடும் எண்ணைப் படித்துப் பத்தரை என்கிறார்கள். சிலர் 8, 9, 10 என்று கோடுகளை எண்ணிவிட்டு மிச்சத்தையும் கூட்டி மூன்றரை என்கிறார்கள். முதல் வகையினருக்கு அடிக்கோல் என்பது எண்களை ஒப்பிக்கும் ஒரு பலகை. இரண்டாம் வகையினர் ஏதோ ஒன்றை எண்ண வேண்டும் என்பதை அறிந்திருக்கிறார்கள், ஆனால் எண்ண வேண்டியது கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை என்பதை அறியவில்லை. ஆஸ்திரேலியாவில் பிலிப்பா பிராக், லின் அவுட்ரெட் இருவரும் 2000-ஐ ஒட்டிச் செய்த ஆய்வுகளும் இதையே காட்டின: அடிக்கோலால் கோடு அளக்கத் தெரிந்த பிள்ளைகளில் பலருக்கு, அதிலுள்ள எண்கள் எதைக் குறிக்கின்றன என்று சொல்லத் தெரியவில்லை. அடிக்கோல் தரும் வெற்றிக்குள் புரியாமையும் ஒளிந்திருக்கலாம். பொருளை 0-இல் பொருத்தி வைக்கும்வரை அது வெளியே தெரியாது.

இரு தரப்புச் சான்றுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவை ஒன்றையொன்று மறுக்கவில்லை என்பது விளங்கும். நீளம் அளத்தல் என்பது ஒற்றைத் திறன் அன்று. அதற்குள் குறைந்தது ஐந்து எண்ணங்கள் இருக்கின்றன. அலகுகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்க வேண்டும். அவற்றை இடைவெளி இல்லாமலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும் நிரப்ப வேண்டும். ஒரே ஓர் அலகு இருந்தாலும் அதை நகர்த்தி நகர்த்தி வைத்து அளக்கலாம். எங்கிருந்து தொடங்கினாலும் நடுவிலுள்ள அலகுகளின் எண்ணிக்கைதான் நீளம். அலகு சிறுத்தால் எண்ணிக்கை பெருகும். இந்த ஐந்தில் எதற்கும் அலகு தரப்படுத்தப்பட்டதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தரப்படுத்தப்படாததாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கிளிப்பின் சிறப்பு, அது தனியாகக் கையில் எடுத்து வைக்கக்கூடிய அலகு என்பதே. அடிக்கோலில் அலகு கோடுகளுக்கு நடுவே கரைந்து கிடக்கிறது. அடிக்கோலின் சிறப்பு, நிரப்பும் வேலையை முன்கூட்டியே முடித்துத் தருவது. ஒன்று அலகைக் காட்டி உழைப்பைக் கேட்கிறது, மற்றது உழைப்பை மிச்சப்படுத்தி அலகை மறைக்கிறது. ஆகவே எது முதலில் என்று சண்டையிடுவதைவிட, ஒன்றில் கற்றது மற்றொன்றில் தெரியும்படி பாடத்தை அமைக்கிறோமா என்று கேட்பதே பொருத்தம்.

அந்தக் கேள்வியோடு நம் வகுப்பறைகளில் புழங்கும் பயிற்சித்தாளைப் பார்க்கலாம். ஒரு பென்சிலின் படம். அதன் கீழே ஐந்து கிளிப்புகள் வரிசையாக, முனையோடு முனை ஒட்டி அச்சிடப்பட்டிருக்கும். 'பென்சிலின் நீளம் ____ கிளிப்' என்று கோடிட்ட இடம். பிள்ளை ஐந்து என்று எழுதுகிறது, ஆசிரியர் சரி போடுகிறார். இதில் பிள்ளை அளந்தது என்ன? ஒரே அளவுக் கிளிப்புகளைத் தேர்ந்ததும், இடைவெளி இல்லாமல் வைத்ததும், பென்சில் முனையில் தொடங்கியதும், சரியாக முனையில் முடித்ததும் எல்லாம் படம் வரைந்தவரின் வேலை. பிள்ளைக்கு மிஞ்சியது ஐந்துவரை எண்ணுவது; அதைப் பாலர்பள்ளியிலேயே கற்றுவிட்டது. உண்மையான பொருளை அளக்கும்போது வரும் சிக்கல்கள் தாளில் வருவதே இல்லை. வழக்கமான ஐஸ்கிரீம் குச்சியின் நீளம் 11.4 சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு மேசையின் விளிம்பில் அதை வைத்துக்கொண்டே போனால், ஐந்து குச்சிக்குப் பிறகு மூன்று சென்டிமீட்டர் எஞ்சும். ஆறாவது குச்சி விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டும். ஐந்து என்பதா, ஆறு என்பதா? எஞ்சியது குச்சியில் ஏறத்தாழ கால் பங்கு. ஆகவே நீளம் ஐந்தே கால் குச்சி. அரை, கால் என்ற பின்னங்களும் இதே முதலாம் ஆண்டில்தான் கற்பிக்கப்படுகின்றன. பின்னத்தைப் பிள்ளை தேடிப் போக வேண்டிய இடம் இதைவிட வேறில்லை. ஆனால் நிழலிட்ட வட்டமும் சதுரமும் ஒரு பாடமாகவும், மிச்சமே இல்லாத கிளிப் வரிசை இன்னொரு பாடமாகவும் தனித்தனியே நடந்து முடிகின்றன.

அடுத்து உடல் அளவைகள். சாணும் முழமும் தமிழருக்கு நெருக்கமானவை. பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம் என்ற கணக்கு திண்ணைப் பள்ளிக் காலத்தது. எண்ணும் அளவையும் ஒன்றோடொன்று பின்னியே அங்குக் கற்பிக்கப்பட்டதை து. செந்தில் பாபு 2022-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். மலாய்க்காரர்களுக்கும் ஜெங்கால், ஹஸ்தா, டெப்பா என்று இதே வரிசை உண்டு. எப்போதும் கூடவே இருப்பது, செலவில்லாதது, பழகியது என்பதால் பாடத்தை இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது பலரின் எண்ணம். ஆனால் கற்பிக்கும் கோணத்தில் பார்த்தால் சாண் கடினமான அலகு. பிள்ளையிடம் இருப்பது ஒரே ஒரு வலக்கைச் சாண். அதைத் தூக்கி மறுபடி வைக்கும்போது சுண்டுவிரல் எங்கே முடிந்தது என்ற அடையாளம் போய்விடுகிறது. விரல்களை ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் விரிப்பதும் ஏழு வயதுக் கைக்கு எளிதன்று. கான்ஸ்டன்ஸ் கமீயும் ஃபே கிளார்க்கும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே துண்டை நகர்த்தி அளக்கும் திறன் நான்காம் வகுப்பில்தான் பெரும்பான்மைப் பிள்ளைகளிடம் காணப்பட்டது. சாணால் அளக்கச் சொல்லும்போது நாம் முதலாம் ஆண்டுப் பிள்ளையிடம் கேட்பது அந்தத் திறனைத்தான். எளிதென்று முதலில் வைக்கப்பட்டது, உண்மையில் பின்னால் வர வேண்டியது. ஒரே அளவுள்ள பல துண்டுகளை வரிசையாக அடுக்குவதுதான் எளிய தொடக்கம்.

இதைச் சொன்னால் மரபை ஒதுக்குவதாகச் சிலர் வருந்தக்கூடும். சாணும் முழமும் பாடத்தில் இல்லாவிட்டால் வேறெங்கே வாழும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் மரபு நமக்குக் கற்பிப்பது உடல் அளவையோடு நின்றுவிடவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல் என்ற நில அளவுகோல்கள் வருகின்றன. யாருடைய சாண் என்ற தகராறுக்கு இடம் வைக்காமல், அந்தக் கோலின் நீளத்தைக் கோயில் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். ஐயம் வந்தால் எவரும் போய் ஒப்பிட்டுக்கொள்ளலாம். 1086-ஐ ஒட்டி நடந்த நில அளவையில் முதலாம் குலோத்துங்கனின் பாத அளவே அலகாகக் கொள்ளப்பட்டது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுவார்கள். ரோல்ஃப் மில்லர் என்ற அமெரிக்கர் 1962-இல் எழுதிய சிறுவர் படக்கதையில் ஓர் அரசன் அரசிக்குக் கட்டில் செய்யத் தன் காலடியால் அளந்து சொல்ல, சிறுவனான தச்சுப் பணியாள் தன் காலடியால் அளந்து செய்ய, கட்டில் குட்டையாகிவிடும். உலகெங்கும் ஆசிரியர்கள் இக்கதையைக் கொண்டுதான் தர அளவையின் தேவையை விளக்குகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தக் கதைக்கு ஈடான உண்மை வரலாறே இருக்கிறது. சாணைத் தொடக்கப் பயிற்சியாக வைக்காமல், அலகு என்றால் என்ன என்று புரிந்த பிறகு, இருவர் சாணால் அளந்து இரண்டு விடை வரும் சிக்கலாகக் கொடுத்தால், கோல் ஏன் கல்லில் வெட்டப்பட்டது என்று பிள்ளையே சொல்லும். மரபு அப்போதுதான் பாடத்துக்குள் வேலை செய்யும்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். ஒரே மேசைக்கு ஒருவன் ஏழு சாண் என்றும் இன்னொருத்தி எட்டுச் சாண் என்றும் சொன்னால், அளவு என்பதே ஆளுக்கு ஆள் மாறும் ஒன்று என்ற தவறான எண்ணம் பிள்ளை மனத்தில் பதியாதா? பதியும், பாடம் அந்த இடத்தில் நின்றுவிட்டால். எண்ணிக்கை மாறியது, நீளம் மாறவில்லை என்று பிரித்துப் பார்க்க வைப்பதுதான் பாடத்தின் உயிர். அதற்கு இந்தப் பள்ளத்தாக்கிலேயே கண்முன் ஒரு சான்று நிற்கிறது. 2006-இல் திறக்கப்பட்ட பத்துமலை முருகன் சிலையின் உயரம் 140 அடி என்றும் சொல்கிறார்கள், 42.7 மீட்டர் என்றும் சொல்கிறார்கள். சிலை ஒன்றே, எண்கள் இரண்டு. மீட்டர் அடியைவிட மூன்று மடங்குக்குச் சற்று மேல் பெரியது. அதனால் எண் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. பக்கத்திலேயே 272 படிகள். படிக்கட்டின் உயரத்தை '272 படி' என்று சொல்லலாமா என்று கேட்டால், படிகளெல்லாம் ஒரே உயரமா என்ற கேள்வி பின்னாலேயே வரும். அலகுகள் சமமாக இருக்க வேண்டும் என்ற முதல் எண்ணத்துக்கே அது திரும்பக் கூட்டிவரும். வேறுவேறு எண்கள் வருவது குழப்பம் என்று பயந்து ஒரே அலகை மட்டும் காட்டி வளர்க்கும் பிள்ளைக்கு, இந்த இரண்டு எண்களும் பின்னாளில் புதிராகவே இருக்கும்.

இந்த நாட்டில் அப்பயத்துக்கு இன்னும் குறைவான காரணமே உண்டு. எடை, அளவைச் சட்டம் 1972-இல் வந்து மெட்ரிக் முறை நிலைபெற்றுவிட்ட பிறகும், கிள்ளான் பள்ளத்தாக்கில் வளரும் பிள்ளை ஒரே முறைக்குள் வாழவில்லை. வீட்டின் பரப்பு சதுர அடியில் விளம்பரமாகிறது, தொலைக்காட்சி அங்குலத்தில் விற்கிறது, துணி மீட்டரில் கிழிக்கப்படுகிறது. துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் மல்லிகைச் சரம் வாங்குபவர்களுக்கு முழக்கணக்கு புதிதன்று. கடைக்காரர் முழங்கையோடு சரத்தைப் பிடித்து அளக்கும்போது, வாங்குபவர் கண் அந்தக் கையின் நீளத்தின்மேல்தான் இருக்கும். அலகு மாறினால் எண் மாறும் என்ற அறிவு இங்கு அன்றாடப் பிழைப்புக்கே வேண்டியது. தரப்படுத்தப்படாத அலகு என்பது சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு, தர அலகு வந்ததும் தூக்கிப் போட வேண்டியது என்ற எண்ணம் பாடநூலுக்குள் செல்லுமே தவிர, சாலைக்கு வந்தால் செல்லாது.

இன்னொரு எதிர்வாதம் நடைமுறையைப் பற்றியது. முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் குச்சியும் கட்டையும் கொடுத்தால் அரை மணி நேரப் பாடத்தில் பாதி நேரம் பொறுக்கி எடுக்கவே போய்விடும். பயிற்சித்தாள்தான் கைகொடுக்கிறது என்று ஆசிரியர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் மிகையான ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை. பெரும்பாலும் எண்ணும் இடமதிப்பும் கற்பிக்க வைத்திருக்கும் பத்தடிமானக் கட்டைகளில், சிறு ஒன்றின் விளிம்பு ஒரு சென்டிமீட்டர், பத்தின் கட்டை பத்து சென்டிமீட்டர். அதே கட்டைகளை ஒரு கோட்டின்மேல் அடுக்கி எண்ணலாம். பிறகு அடிக்கோலை அதன் பக்கத்தில் வைத்தால், ஒவ்வொரு கட்டையும் இரண்டு கோடுகளுக்கு நடுவே அடங்குவதைப் பிள்ளை பார்க்கும். காகிதத்தை நீளவாக்கில் கிழித்து, ஒரே துண்டை வைத்து வைத்துக் கோடிட்டு, ஒவ்வொரு துண்டும் முடியும் இடத்தில் எண் எழுதினால் பிள்ளையின் சொந்த அடிக்கோல் தயார். அந்த எண் கோட்டின் பெயர் அல்ல, அதுவரை கடந்த துண்டுகளின் கூட்டு என்பது அதைச் செய்த கைக்குத் தெரியும். அடிக்கோலை இப்படிக் கட்டிப் பார்த்த பிறகு, 8-இல் தொடங்கும் பல்குச்சி யாரையும் ஏமாற்றாது.

மதிப்பீட்டைச் சாக்காகச் சொல்லவும் இப்போது வழியில்லை. முதல் மூன்று ஆண்டுகளுக்கான பள்ளித் தேர்வுகள் 2019-இலேயே கைவிடப்பட்டன, 2021-இல் ஆறாம் ஆண்டு முடிவில் நடந்துவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வும் முடிவுக்கு வந்தது. வகுப்பறை மதிப்பீட்டில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று முதல் ஆறு வரையிலான அடைவுநிலையைக் குறிக்கிறார். எதைப் பார்த்துக் குறிப்பது என்பது பெரும்பாலும் அவர் கையில். ஐந்து கிளிப் என்று எழுதியதைப் பார்த்து உயர்ந்த நிலை கொடுத்தால், எண்ணத் தெரிந்ததற்கே கொடுத்ததாகும். கிளிப்புகளுக்கு நடுவே வேண்டுமென்றே இடைவெளி விட்டு வைத்துவிட்டு, இது சரியா என்று கேட்டால், ஒரு நிமிடத்தில் பிள்ளையின் நிலை தெரிந்துவிடும். முனை ஒடிந்த அடிக்கோலைக் கொடுத்து அளக்கச் சொன்னால் இன்னும் தெளிவாகத் தெரியும். இவற்றுக்குத் தனிச் செலவும் இல்லை, தனிப் பயிற்சியும் வேண்டாம். எதைச் சரியான விடை என்று ஏற்பது என்பதில் ஆசிரியர் மனம் மாறினால் போதும். தமிழ்வழி கற்பித்தாலும் இருமொழித் திட்டத்தில் ஆங்கிலத்தில் கற்பித்தாலும் இது மாறாது. அறிவியலும் கணிதமும் எம்மொழியில் என்று 2003 முதல் இந்நாட்டில் நடந்து வரும் நீண்ட விவாதத்தில், பாடத்துக்குள் பிள்ளை எதைச் செய்கிறது என்ற கேள்விக்குக் கிடைத்த கவனம் மிகக் குறைவு.

அளவையை இப்படி அலகின் வழியாகப் பார்ப்பதற்குக் கணிதத்திலேயே ஆழமான காரணம் உண்டு. சோவியத் யூனியனில் வசீலி தவீதவ் குழுவினர் உருவாக்கிய தொடக்கநிலைக் கணிதத்தில், பிள்ளைகள் எண்களோடு தொடங்குவதில்லை. முதலில் நீளம், எடை, கொள்ளளவு ஆகியவற்றை எண் இல்லாமலே ஒப்பிடுகிறார்கள். பிறகு நேரில் ஒட்டி ஒப்பிட முடியாத நிலை வரும்போது ஓர் அலகைத் தேடுகிறார்கள். ஒரு பொருளுக்கும் அதை அளக்கும் அலகுக்கும் உள்ள உறவே எண் என்பது அவர்கள் கொள்கை. அலகை மாற்றினால் எண் மாறும், மிச்சம் வந்தால் பின்னம் பிறக்கும், பெரிய அலகால் அளந்து சின்ன அலகுக்கு மாற்றினால் பெருக்கல் வரும். நம் பாடத்திட்டத்தில் தனித்தனி இயல்களாகக் கிடக்கும் பலவற்றை ஒரே நூலில் கோக்க இந்த எண்ணத்தால் முடியும். அந்த முறையை அப்படியே இங்குக் கொண்டுவர வேண்டும் என்பதன்று. அளத்தல் என்பது எண்ணத் தெரிந்த பிறகு வரும் ஒரு சிறு துணைப்பாடம் அன்று, எண்ணின் பொருளே அங்கேதான் தெளிவாகிறது என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இந்தச் சான்றுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால், வரிசை சற்று வேறாக அமைய வேண்டியிருக்கிறது. முதலாம் ஆண்டில் முதலில் நேரடி ஒப்பீடும், கயிற்றையோ காகிதக் கீற்றையோ இடையில் வைத்து ஒப்பிடுவதும். அடுத்து ஒரே அளவுள்ள பல துண்டுகளை அடுக்கி எண்ணுவது, மிச்சம் வரும்போது அரை, கால் என்று சொல்வது. பிறகு ஒரே துண்டை நகர்த்தி அளப்பதும் காகித அடிக்கோல் செய்வதும். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே சென்டிமீட்டர் அடிக்கோலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. சாணும் முழமும் காலடியும், கோல் ஏன் பிறந்தது என்ற கேள்வியோடு, அதன் பின்னரே. இரண்டாம் ஆண்டில் தர அலகு வலுப்பெறும்போதும் வேறு அலகுகளை விட்டுவிடாமல், ஒரே பொருளுக்கு இரண்டு எண்கள் வருவதை அடிக்கடி விளக்க வைப்பது. 2027 முதல் புதிய பள்ளிக் கலைத்திட்டத்தை நடைமுறைப்படுத்தக் கல்வி அமைச்சு திட்டமிட்டிருக்கிறது. அதில் நீட்டலளவை எந்த ஆண்டில் எந்த இயலாக வரும் என்பதைவிட, அந்த இயலுக்கான பயிற்சியில் துண்டுகளை வைப்பது பிள்ளையா, படம் வரைபவரா என்பதே முக்கியம். பாடநூல் எழுதுவோரும் பயிற்சித்தாள் தயாரிப்போரும் முனையோடு முனை ஒட்டிய கிளிப் வரிசையை அச்சிடுவதை நிறுத்திவிட்டு, ஒரே ஒரு கிளிப்பை மட்டும் அச்சிட்டு, மீதியைப் பிள்ளையின் கைக்கு விட்டாலே, இந்தப் பாடம் எண்ணும் பயிற்சியிலிருந்து அளக்கும் பாடமாக மாறத் தொடங்கிவிடும்.